அக்கா பார்த்த ஞாயிறும் சித்தப்பா பார்த்த செவ்வாயும்

தோஹாவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 79 வயது. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, எதைக் கேட்டாலும் ‘ஆமா’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. நான்கு மாதமாக நாகர்கோவில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தக்கலையில் இருக்கும் அக்கா ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் பாக்காவ” என்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன சித்தப்பாவோ, “பாதியா மெலிஞ்சு போயிட்டா, குதிகால்ல புண்ணு, கையில நீலமா கன்னிப்போய் கிடக்கு, என்னைக் கண்டதும் ஏங்கி ஏங்கி அழுதா, மொதல்ல வெளிய கூட்டிட்டு வாங்க” என்று போனில் சத்தம் போட்டிருக்கிறார். இல்லத்தில் கேட்டால் “வயசாச்சுல்லா” என்று முடித்துக்கொண்டார்கள். வீடியோ காலில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கோபமா என்றும் தெரியவில்லை. இல்லத்தை மாற்றட்டுமா என்பது கேள்வி.

மாற்றலாமா வேண்டாமா என்று கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. அக்கா சொல்வதை நம்புவதா, சித்தப்பா சொல்வதை நம்புவதா? மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் செவிலியர். இங்கே மருத்துவமனை வார்டிலும் பிறகு சவூதியிலுமாக 26 வருடம். திரும்பி வந்த பிறகு எட்டு வருடமாக மார்த்தாண்டத்தைச் சுற்றி வீட்டில் படுக்கையாகக் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கிறேன். அந்த வழியில் பல இல்லங்களுக்குள்ளும் போயிருக்கிறேன். இல்லம் நடத்திய அனுபவம் கிடையாது. மருத்துவரும் இல்லை. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கணிப்பில் அக்கா, சித்தப்பா இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஞாயிறு காலை பதினொரு மணி என்பது எந்த இல்லத்துக்கும் முகூர்த்த நேரம். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை வாரி, துவைத்த நைட்டி மாட்டி, சக்கர நாற்காலியில் வராந்தாவில் உட்கார வைத்திருப்பார்கள். கோயில், சர்ச் முடிந்து பிள்ளைகள் வரும் நேரம் என்று ஆயாக்களுக்குத் தெரியும். வேலைக்கு ஆளும் அப்போதுதான் அதிகம். செவ்வாய் சாயங்காலம் ஆறரை மணிக்குப் போனால் பகல் ஷிப்ட் கிளம்பியிருக்கும், ராத்திரி ஆள் இன்னும் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்திருக்கும். லைட் பாதி அணைந்திருக்கும். அக்கா கண்டது இல்லத்தின் முகம், சித்தப்பா கண்டது அதன் முதுகு. ஏமாற்று வேலை என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். விருந்தாளி வரும்போது நாமும்தான் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறோம். ஆனால் வாரத்தின் 168 மணி நேரத்தில் அக்கா பார்ப்பது ஒன்றோ ஒன்றரையோ. மீதியை அம்மாவின் உடம்புதான் சொல்ல வேண்டும்.

குதிகால் புண்ணைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்வேன். சித்தப்பா சொன்னவற்றில் மறுக்க முடியாத சாட்சி அது ஒன்றுதான். எந்தக் குதிகால் என்று அவரிடம் கேளுங்கள். இதில் விஷயம் இருக்கிறது. வலது குதிகால் என்றால் அது விழுந்துபோன கால்; தானாக அசையாது, உறுத்துவதும் சரியாகத் தெரியாது; மெத்தையில் வைத்த இடத்திலேயே மணிக்கணக்காக அழுந்திக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். இடது குதிகால் என்றால் கதை வேறு. பக்கவாதம் வந்தவர்கள் படுக்கையில் கீழே சரியும்போது, நல்ல காலை ஊன்றி ஊன்றி மேலே ஏறப் பார்ப்பார்கள். அப்படி விரிப்பில் உரசியே நல்ல காலில் புண் வரும். அவரைச் சரியாகத் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை என்று அது சொல்கிறது. சர்க்கரை வியாதி இருந்து காலில் ரத்த ஓட்டமும் குறைவு என்றால், ஓரளவு நன்றாகப் பார்க்கும் இடத்திலும் குதிகாலில் புண் வரலாம். கடைசி வாரங்களில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பார்த்தாலும் வரலாம். இந்த இரண்டையும் விட்டால், பெரும்பாலான படுக்கைப்புண் தடுத்திருக்கக்கூடியதுதான். ‘வயசாச்சுல்லா’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

பாடப்புத்தகத்தில் படுக்கை நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்று இருக்கும். நல்ல மெத்தை இருந்தால் நான்கு மணி நேரம் வரை நீட்டலாம் என்று பிற்பாடு வந்த வழிகாட்டுதல்கள் சில சொல்கின்றன. சரி, நடைமுறைக்கு வருவோம். ஒரு இல்லத்தில் எழுந்து நடக்க முடியாதவர்கள் 18 பேர், ராத்திரி ஆயா இரண்டு பேர் என்று வையுங்கள். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு சுற்று. 18 பேருக்கு ஆறு தடவை என்றால் 108 முறை. ஒரு ஆளை இரண்டு பேராகச் சேர்ந்து புரட்டி, டயப்பர் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றி, தலையணை வைத்து நகர ஏழு நிமிடமாவது ஆகும். மொத்தம் 756 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரத்துக்கும் மேல். ராத்திரியில் இருப்பதே பன்னிரண்டு மணி நேரம்தான். ஒருத்தி கூட ஒரு வாய் காப்பி குடிக்காமல், ஒரு பாட்டி கூட வாந்தி எடுக்காமல் இருந்தாலும் முடியாத கணக்கு. ஆகவே செய்ய மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. இல்லத்தின் தரத்தை ஒரே கேள்வியில் அளக்கச் சொன்னால், “ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்கு எத்தனை படுக்கை நோயாளிகள்?” என்றுதான் கேட்பேன். ஏசி உண்டா, தோட்டம் உண்டா, தியான அறை உண்டா என்றெல்லாம் விசாரிக்கிற குடும்பங்கள் இதைக் கேட்பதை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

திருப்பிப் போட்டதற்குச் சார்ட் இருக்கிறது என்று காட்டுவார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் 32 படுக்கைக்கு ராத்திரி நான் ஒருத்தி. விடியற்காலை ஐந்து மணிக்கு, காலை சிஸ்டர் வருவதற்கு முன்னால், ஒன்பது மணி, பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். அந்த நோயாளிகளில் மூன்று பேரைத்தான் உண்மையில் திருப்பியிருந்தேன். அன்று முதல் எந்தச் சார்ட்டைப் பார்த்தாலும் என் கண் மையைத்தான் தேடும். ஒரே பேனா, ஒரே சாய்வு, கட்டத்துக்கு நடுவில் அழகாக உட்கார்ந்த எழுத்து, எல்லாமே ஒற்றைப்படை மணிக்கு அச்சடித்த மாதிரி என்றால் உட்கார்ந்து எழுதியது. உண்மையாக எழுதிய சார்ட் அசிங்கமாக இருக்கும். 11.20 என்று இருக்கும், ஒரு மூலையில் காப்பிக் கறை இருக்கும், ‘இருமல், புரட்டவில்லை’ என்று ஒரு கிறுக்கல் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். குதிகாலுக்குக் கீழே கையுறையில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்களா? நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைக்கிறார்களா? நாங்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம், பெருமையாக. இரண்டுமே தப்பு என்று பிறகு தெரிந்தது. அழுத்தத்தை அந்தச் சின்ன இடத்தைச் சுற்றியே குவிக்கும். கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. உள்ளே நொந்திருக்கும் சதை இன்னும் நொந்துபோகும். புண் காய்ந்து கறுத்த தோலாக, நாற்றமோ ஈரமோ இல்லாமல் குதிகாலில் ஒட்டியிருந்தால் அதை வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஈரம் கசிந்தாலோ, நாறினாலோ, சுற்றிலும் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, அம்மா வழக்கத்தைவிட மந்தமாகிவிட்டாலோ அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு எங்கேயோ கொண்டுபோக வேண்டும். ஞாயிறு வரட்டும் என்று இருக்கக் கூடாது.

மெலிந்தது பற்றி. ஒரு மாதத்தில் உடம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்து, ஆறு மாதத்தில் பத்து குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது பொதுவான அளவு. எழுந்து நிற்க முடியாத அம்மாவை எடை மிஷினில் ஏற்ற முடியாது. தையற்காரர் டேப் ஒன்று வாங்கி, இடது மேல்கையின் நடுவில் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து அக்கா குறித்து வைக்கட்டும். இடது கைதான், வலது கை வாதத்தால் தானாகவே சூம்பும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று பார்த்த நம் கிழவிகளின் அளவுகோலும் இதுதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்குவது சிரமம். ஒரு கிண்ணம் கஞ்சியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூன் ஸ்பூனாக, ஒவ்வொரு வாயும் இறங்கிய பிறகு அடுத்த வாய் என்று கொடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். இல்லங்களில் அதற்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நாலு வாயிலேயே இருமினால் “சாப்பிட மாட்டேங்கா” என்று தட்டு போய்விடும். ஆகவே அக்கா ஒரு நாளாவது சாப்பாட்டு நேரத்துக்குப் போய்த் தன் கையால் ஊட்டிப் பார்க்கட்டும். தானே ஊட்டும்போது அரை மணி நேரத்தில் முழுதும் சாப்பிடுகிறார் என்றால் குறை நேரத்தில் இருக்கிறது. அக்கா கையிலும் இருமுகிறார், கன்னத்தில் அடக்கி வைக்கிறார் என்றால் குறை தொண்டையில் இருக்கிறது. மருத்துவர் பார்க்க வேண்டும். மூக்கில் டியூப் போட்டுவிடலாம் என்று இல்லம் சொன்னால், அம்மாவுக்காகவா ஆயாவுக்காகவா என்று மென்மையாகக் கேளுங்கள். சிலருக்கு டியூப் தேவைதான், மறுக்கவில்லை. தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியானது பலருக்கு எளிதாக இறங்கும். மசித்த மட்டி வாழைப்பழத்தை ஒரு கிழவர் முழுதாகச் சாப்பிட்டதை நான் கண்டிருக்கிறேன், அதே ஆள் தண்ணீருக்குப் புரையேறி நீலம் பாரித்தவர்.

அப்புறம் நாக்கைப் பாருங்கள். பல இடங்களில் நாலு மணிக் காப்பியோடு குடிக்கக் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். டயப்பர் நனையாமல் இருக்கத்தான், வேறு எதற்கு. மறுநாள் காலை ஏழு மணி வரை பதினைந்து மணி நேரம் வாய் நனைவதில்லை. வயதானவர்களுக்குத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர் வற்றியதைச் சொல்ல முடியாது, தோல் எப்படியும் தொங்கும். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறதா, சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மொழியும் ஒரு பிரச்சினை. விளவங்கோடு பக்கத்து ஒரு பாட்டி ராத்திரி முழுக்க ‘வெள்ளம், வெள்ளம்’ என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்; அந்தப் பக்கம் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். வேலைக்கு நின்ற பெண் வடக்கே இருந்து வந்தவள்; தமிழ் கொஞ்சம் கற்றிருந்தாள், ‘தண்ணி’ தெரியும். வெள்ளம் தெரியாது. கிழவி எதையோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டாள். பேத்தி வந்து ஒரு அட்டையில் அந்தச் சொல்லை இந்தியில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிய பிறகுதான் தீர்ந்தது.

இனி நான் உறுதியாகச் சொல்ல மாட்டாத இரண்டு விஷயம். ஒன்று, கையில் கன்றிய நீலம். பக்கவாதம் வந்தவர் பெரும்பாலும், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். முன்கையின் வெளிப்பக்கத்தில் கட்டில் கம்பியில் லேசாக இடித்தாலே திட்டாகக் கன்றும். ஆகவே சித்தப்பா கண்டது அடித்த தழும்பு என்று நான் சொல்ல மாட்டேன். அடிக்கவில்லை என்றும் இங்கிருந்து சொல்ல முடியாது. இடத்தைக் கேளுங்கள். முன்கை வெளிப்பக்கம் என்றால் பெரும்பாலும் மாத்திரையும் தோலும். மேல்கையின் உள்பக்கத்தில் விரல் விரலாக இருந்தால் யாரோ அழுத்திப் பிடித்து இழுத்திருக்கக்கூடும். மணிக்கட்டைச் சுற்றி வளையம் போல இருந்தால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டு, அழுகை. சித்தப்பாவைக் கலங்க வைத்தது புண்ணைவிட அதுதான் என்று நினைக்கிறேன். பக்கவாதம் மூளையில் சில இடத்தைத் தொட்டால், அழுகையை அடக்கும் பிடி தளர்ந்துவிடும். தெரிந்த முகத்தைக் கண்டாலே பொங்கி வரும். பெரும்பாலும் சீக்கிரமே நின்றுவிடும். சிலருக்குச் சம்பந்தமில்லாமல் சிரிப்பும் வரும். மருத்துவர்கள் இதற்கு மருந்துகூடக் கொடுப்பதுண்டு. அம்மா அழுதது அதனாலா, அங்கே இருக்கப் பிடிக்காமலா, இரண்டும் கலந்தா? ஒரு தடவை பார்த்தவரால் சொல்ல முடியாது. அக்காவைக் கண்டால் அழுகிறாரா, நின்றுவிடுகிறதா, ஏதாவது ஒரு ஆயா கட்டில் பக்கம் வரும்போது மட்டும் உடம்பு இறுகுகிறதா என்று பல தடவை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் ரொம்ப மதிப்பேன். வாய் பேச முடியாதவர்கள் தோளால் பேசுவார்கள்.

அந்த ‘ஆமா’ இருக்கிறதே, அதைப் பற்றி அக்காவிடம் சொல்லுங்கள். “நல்லா பாக்காவளாம்மா?” “ஆமா.” “சாப்பிட்டியா?” “ஆமா.” இதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் நிம்மதியாகப் பஸ் ஏறுகிறார். ஆனால் வலது பக்கம் விழுந்து பேச்சும் போனவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும். எதற்கும் அதுவே வரும். அது பதிலா இல்லையா என்று தெரிய வழி உண்டு. “நான் உன் மகளா?” என்று கேட்கட்டும். அப்புறம் “நான் உன் மாமியாரா?” என்று கேட்கட்டும். “சீனி கசக்குமா?” என்று கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் ஆமா என்றால் அந்தச் சொல்லை வைத்து இல்லத்தைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. அப்போது இடது கையை அழுத்துவது, கண் மூடுவது, சாப்பாட்டுத் தட்டின் படத்தையும் தண்ணீர் டம்ளர் படத்தையும் காட்டித் தொடச் சொல்வது என்று வேறு வழி பழக்க வேண்டும். சில பேருக்குப் பழகும், சில பேருக்குப் பழகாது.

அக்கா மீது கோபப்படாதீர்கள் என்று எழுத நினைத்தேன், அதை நீங்கள் கேட்கவில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவார், உள்ளூரில் இருப்பவள் போய்ப் பார்ப்பாள், வருடத்துக்கு ஒருமுறை வரும் உறவுக்காரர் குற்றம் கண்டுபிடிப்பார். நம் மாவட்டத்தில் நான் கண்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று பேரும் இருந்தார்கள். சித்தப்பாவும் அக்காவும் சேர்ந்து ஒரு செவ்வாயோ புதனோ சாயங்காலம் ஆறரை மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போகட்டும். தனித்தனியாகப் போனால் இரண்டு கதை வரும். சேர்ந்து போனால் ஒன்று வரும். காலைத் திறந்து பார்த்து, வாலெலும்புப் பக்கமும் பார்த்து, புண் இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்துத் தேதி எழுதி வைக்கட்டும். வாரம் ஒரு படம். சின்னதாகிறதா பெரிதாகிறதா என்பதைச் சண்டை போடாமல் தெரிந்துகொள்ளலாம்.

ஆயாவிடம் கத்தாதீர்கள். அவள் கையில் எதுவும் இல்லை, அம்மாவைத் தவிர. ‘நாம போன பிறகு அம்மா மேல காட்டுவாளோ’ என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் வாயே திறப்பதில்லை. நான் கண்ட வரையில், அடிப்பது அபூர்வம். ஆனால் திட்டு வாங்கிய ஆயா அடுத்த ஒரு வாரம் அந்தக் கட்டிலுக்குக் கடைசியில்தான் வருவாள். ஆகவே பொறுப்பாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள், மூன்றே விஷயம்: காற்று மெத்தை போட வேண்டும், அதற்கான பணம் நாங்கள் தருகிறோம்; ராத்திரி திருப்பிப் போடுவது யார் பொறுப்பு, பெயர் வேண்டும்; இந்த வாரத்துக்குள் மருத்துவர் வந்து புண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் பொறுங்கள். சமாளிப்பவர்கள் யார், திருத்திக்கொள்பவர்கள் யார் என்று அதற்குள் தெரிந்துவிடும். தப்பே நடக்காத இல்லத்தை நான் கண்டதில்லை. தப்பைச் சொன்னதும் ரெக்கார்டை எடுத்து மேஜையில் வைத்த இல்லங்களைக் கண்டிருக்கிறேன். “பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க” என்ற இல்லங்களையும் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகையில் என் மாமியாரே ஐந்து மாதம் இருந்தார். பல்செட் தொலைந்து, அது தொலைந்ததே யாருக்கும் தெரியாமல், மூன்று வாரம் சோற்றைச் சப்பித் துப்பிக்கொண்டிருந்தார். தினமும் புண் பார்க்கப் போகிற வேலையில் இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேச்சுக்கு மசியாவிட்டால் போகும் இடம் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. நாகர்கோவிலில் கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்த மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று அங்கேயே கேட்கலாம். பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தால் நல்லது, ராத்திரி இரண்டு மணிக்கு யார் திருப்பிப் போடுகிறார்கள் என்று அது சொல்லாது. 2007 ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அதில் கோட்டாட்சியர் முன்னால் போவது முக்கியமாகப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கும் வழக்கு. உங்கள் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தாது.

மாற்றுவது பற்றி. ராத்திரி ஆள் கணக்கு நான் மேலே போட்ட மாதிரி மோசம், பொறுப்பாளரும் மழுப்புகிறார் என்றால் மாற்றுங்கள். இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். புது இடம், புது முகம், புதுக் கட்டில் என்றால் இந்த நிலையில் உள்ளவர்கள் சில வாரம் குழம்பிப்போவார்கள், சாப்பாடு இன்னும் குறையும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஹோம் நர்ஸ் வைக்கலாமே என்று சித்தப்பா சொல்லக்கூடும். வெளிநாட்டுக் காசில் கட்டிய பெரிய வீடு பூட்டிக் கிடக்கும்போது அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் ஒரு ஹோம் நர்ஸ் என்பது ஒரே ஒரு ஆள். அவளும் ராத்திரி தூங்கத்தான் செய்வாள், தனியாக ஒருத்தியால் உங்கள் அம்மாவைச் சரியாகப் புரட்டவும் முடியாது. பக்கத்தில் கை கொடுக்க இன்னொருவர் நிரந்தரமாக இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். அப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையாகக் கிடப்பவர்களுக்குச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பஞ்சாயத்து அளவிலேயே இது நெடுநாளாக நடக்கிறது. நம் பக்கத்தில் கொஞ்சம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியில் வீடியோ கால். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வது கோபத்தாலா என்று எழுதியிருந்தீர்கள். இந்த வகைப் பக்கவாதத்தில் சிலருக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் வலது பக்கத்துப் பார்வை போய்விடும். அந்தப் பக்கம் தட்டு வைத்தாலும் தெரியாது, ஆள் நின்றாலும் தெரியாது. உங்கள் அம்மாவுக்கு அப்படியா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கட்டில் எப்படிப் போட்டிருக்கிறது, போனை யார் எந்தப் பக்கம் நின்று பிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த தடவை அம்மாவின் இடது பக்கம் வந்து, முகத்துக்கு நேராக, கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பேசத் தொடங்கும் முன் அம்மாவின் இடது கையை அக்கா பிடித்துக்கொள்ளட்டும்.